கினிப்பன்றியும் படர்தாமரையும்



இராஜபாளையம் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு நாயின் உருவம் கண்முன் நிற்கும். வெண்ணிற மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும் கொண்ட அந்த வேட்டை நாயால் எங்கள் வட்டாரம் பெற்ற புகழ் பெரிது. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பிராணி அந்தப் புகழுக்கெல்லாம் உரியதன்று. குரைக்கத் தெரியாதது; கடிக்கவும் பெரும்பாலும் அஞ்சுவது; ஏறத்தாழ ஒரு கிலோ எடையே கொண்டது. கினிப்பன்றி என்று புத்தகங்கள் சொல்கின்றன. பழைய மனிதர்கள் சிலர் சீமைப் பெருச்சாளி என்பார்கள். உண்மையில் அது பன்றியும் அன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. அணிலைப் போலவும் எலியைப் போலவும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக அதை வீட்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் குழந்தைகளின் தோழனாக வளர்கிறது.

இந்தப் பிராணிக்கு வரும் ஒரு தோல் நோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நோய் சிறியது. ஆனால் அதைக் கையாள்வதில் நான் செய்த தவறுகள் சிறியவை அல்ல. அவற்றை மறைக்காமல் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

எங்கள் ஊர் தளவாய்புரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் இருக்கிறது. தையல் எந்திரத்தின் ஓசை கேட்காத தெரு எங்கள் ஊரில் குறைவு. பெண்கள் வீட்டில் அணியும் நைட்டிகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புவது இங்கே பல குடும்பங்களின் தொழில். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அடுத்த வீடும் அப்படிப்பட்ட ஒரு வீடுதான். அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய மாமா மதுரையிலிருந்து இரண்டு கினிப்பன்றிகளை வாங்கி வந்து கொடுத்திருந்தார். ஒன்று வெள்ளை, அதற்குப் பஞ்சு என்று பெயர். மற்றொன்று கறுப்பு, அதற்கு மிளகு. பழைய மரப்பெட்டி ஒன்றில், தையலில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைப் பரப்பி, அவற்றை அவள் வளர்த்து வந்தாள்.

ஓர் ஐப்பசி மாதம். அடைமழை. வெட்டுத்துணிகள் காயவில்லை, பெட்டியின் பலகையும் ஈரம் ஊறிக் கிடந்தது. ஒருநாள் மாலை அந்தப் பெண் மிளகைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். “சார், இதற்கு மூக்கின் மேலே முடி கொட்டுகிறது. தோலும் உரிகிறது. என்ன செய்வது?” என்று கேட்டாள். பார்த்தேன். மூக்கின் மேற்புறத்தில், நாலணாக் காசளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து, தோல் தவிடுபோலச் செதில் கட்டியிருந்தது. ஓரம் சற்றே சிவந்திருந்தது.

என் மேசை இழுப்பறையில் ஒரு களிம்புக் குழாய் இருந்தது. முன்பு எப்போதோ என் காலில் அரிப்பு வந்தபோது மருந்துக் கடையில் வாங்கியது. “இதைத் தடவு, சரியாகிவிடும்” என்று கொடுத்துவிட்டேன். இது என் முதல் தவறு.

அந்த நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் படர்தாமரை என்றும் படை என்றும் சொல்லும் நோயேதான் அது. மனிதனுக்கு வருவது போலவே மாட்டுக்கும், நாய்க்கும், பூனைக்கும், முயலுக்கும், கினிப்பன்றிக்கும் வரும். ஆங்கிலேயர் இதை வளையப்புழு என்ற பொருள்பட அழைத்தார்கள். ஆனால் இதில் புழு ஏதும் இல்லை. ஈர ரொட்டியின் மேல் படியும் பூஞ்சையின் உறவினமான ஒரு நுண்ணிய பூஞ்சைதான் இதற்குக் காரணம். 1841-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் வாழ்ந்த டேவிட் குரூபி என்ற ஹங்கேரிய மருத்துவர், தலைப்படை நோயாளிகளின் செதில்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்து, அங்கே பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டு வளர்வதைக் கண்டார். பாக்டீரியாக்களே நோயை உண்டாக்குகின்றன என்று பாஸ்டரும் கோக்கும் நிலைநாட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. ஆனால் மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பாரிஸில் ரேமோன் சபுரோ என்ற தோல் மருத்துவர் அந்த ஆராய்ச்சியை மீண்டும் எடுத்துத் தொடர்ந்தார். பூஞ்சைகளை வளர்ப்பதற்கு அவர் அமைத்துக் கொடுத்த ஊட்டக் கூழ் இன்றும் அவர் பெயராலேயே ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. 1910-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

இந்தப் பூஞ்சைக்கு உணவு கெராட்டின் என்னும் பொருள். நம் தோலின் மேற்படலம், முடி, நகம், மாட்டின் கொம்பு, குளம்பு எல்லாம் அதனால் ஆனவை. உயிருள்ள தசைக்குள் இது சாதாரணமாக இறங்குவதில்லை. மேலே உள்ள உயிரற்ற அடுக்கைத் தின்றுகொண்டு பக்கவாட்டில் பரவும். கோடைக்காலத்தில் எங்கள் மலைச்சரிவில் புல்லுக்குத் தீப்பற்றினால் நடுவில் எரிந்து அணைந்துவிடும். ஓரத்தில் மட்டும் ஒரு செந்நிற வளையம் விரிந்துகொண்டே போகும். படர்தாமரையும் அப்படித்தான். நடுப்பகுதியில் உடல் அதை எதிர்த்து ஆறத் தொடங்கும், ஓரம் பரவிக்கொண்டிருக்கும். வட்ட வடிவம் வருவதன் காரணம் இதுவே.

கினிப்பன்றியைப் பற்றும் பூஞ்சை ஒன்றுக்கு, அமெரிக்கப் பூஞ்சையியல் அறிஞர் ரோடா பென்ஹாம் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. டிரைக்கோபைட்டன் பென்ஹாமியே என்பது அதன் பெயர். முன்பு அதை டிரைக்கோபைட்டன் மென்டாக்ரோபைட்டிஸ் என்ற பொதுப்பெயரில் அடக்கியிருந்தார்கள். ஜெர்மனி முதலிய நாடுகளில், வீட்டில் வளரும் கினிப்பன்றிகளிடமிருந்து இப்பூஞ்சை குழந்தைகளுக்குத் தொற்றுவதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிராணியின் உடலில் ஒரு புண்ணும் இல்லாமல், முடிக்குள்ளே மட்டும் பூஞ்சையின் வித்துக்கள் ஒட்டியிருக்கலாம். பார்வைக்கு நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும், ஆனால் தொற்றும். பயணம், நெரிசல், வெப்பம், ஈரம், போதாத உணவு, பிரசவம் இவற்றால் பிராணி தளரும்போது நோய் வெளிப்படும். இளங்குட்டிகளுக்கு எளிதில் வரும். முதலில் மூக்கு, கண்ணைச் சுற்றிய இடம், காது. பிறகு முதுகு, கால்கள் என்று இறங்கும்.

இனி என் களிம்பின் கதைக்கு வருகிறேன்.

தடவிய ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்துவிட்டது; செதிலும் குறைந்தது. அந்தப் பெண்ணுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. மூன்றாம் வாரத்தில் மிளகின் கண்களைச் சுற்றியும் காதுகளிலும் முடி உதிர்ந்து, முதுகிலும் ஒரு திட்டு தோன்றியது. பஞ்சுவுக்கும் வந்தது. பெண்ணின் மணிக்கட்டில் ஒரு வளையம். அவளுடைய தம்பியின் கழுத்தில் மற்றொன்று. அப்போதுதான் அந்தக் குழாயை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அதில் மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தன. ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று பாக்டீரியாவுக்கு, மூன்றாவது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு என்பது எரிச்சலையும் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. சிவப்பும் அரிப்பும் உடல் தன் பகைவனோடு போராடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. போர் ஓய்ந்தது என்று நாம் எண்ணும்போது பகைவன் தடையின்றி உள்ளே நடக்கிறான். இங்கிலாந்து மருத்துவர்களான ஐவ், மார்க்ஸ் என்ற இருவர் 1968-இலேயே இதை விளக்கி, இவ்வாறு உருமாறிய படைக்கு மாறுவேடப் படை என்ற பொருளில் பெயரிட்டார்கள். நம் நாட்டில் இத்தகைய கலவைக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் வழக்கம் பெருகியதன் விளைவை இன்று தோல் மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். எளிதில் ஆறிவந்த படர்தாமரை மாதக்கணக்கில் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கு அடங்காத ஓர் இனத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் வரையறுத்து, அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. இது பெருமைப்படத்தக்க இடமன்று. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நான் கொடுத்த குழாய் எப்படி வாங்கப்பட்டது என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

என் இரண்டாம் தவறு இதைவிடக் கொடியது. பஞ்சு சொறிந்து சொறிந்து கழுத்தில் புண்ணாக்கிக்கொண்டது. புண்ணிலிருந்து நீர் கசிந்தது. பெண்ணின் தகப்பனார் வந்து, “பையனுக்குக் காய்ச்சலின்போது கொடுத்த அமாக்ஸிஸிலின் மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சார். இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா?” என்று கேட்டார். குழந்தைக்கே கொடுக்கும் மருந்துதானே என்று எண்ணி, “இரண்டு சொட்டில் என்ன வந்துவிடும், கொடுங்கள்” என்றேன். மூன்றாம் நாள் பஞ்சு உணவைத் தொடவில்லை. பிறகு கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காலையில் பெட்டியின் மூலையில் இறந்து கிடந்தது.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதைப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். கினிப்பன்றி புல் தின்னும் பிராணி. அதன் குடலில், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில், கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் குடியிருந்து புல்லைச் செரிக்க உதவுகின்றன. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அந்த நல்ல குடிகள் மடிகின்றன. நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் போன்ற கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெனிசிலின் கினிப்பன்றிக்கு நஞ்சாகும் என்பதை 1943-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞான வரலாற்றில் இதைப் பற்றி வியப்போடு சொல்வதுண்டு. 1940 மே மாதம் 25-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி என்பவரும் அவருடைய குழுவினரும் பெனிசிலினை முதன்முதல் சோதித்தது 8 சுண்டெலிகளிடம். அன்று அவர்கள் சுண்டெலிகளுக்குப் பதிலாகக் கினிப்பன்றிகளை எடுத்திருந்தால், இது நஞ்சு என்று சொல்லி அந்த அரிய மருந்தை ஒதுக்கியிருக்கவும் கூடும். அது உலகத்தின் நற்பேறு. ஆனால் பஞ்சுவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. விஞ்ஞானம் கற்பித்தவன் நான். ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும்.

அன்று மாலை அந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. பாட்டி, “பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. தைத்து வைத்த துணியெல்லாம் வீட்டில் கிடக்கிறது. நாலு பேர் உடுத்துகிற துணி. மிச்சமிருப்பதையும் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றார். பாட்டியின் அச்சத்தில் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் சோறு அந்தத் துணியிலிருந்துதான் வருகிறது. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதன் கையில் வளர்ந்த பிராணிக்கு மலையில் பிழைக்கத் தெரியாது. ஒரு நாய்க்கோ கீரிக்கோ பாம்புக்கோ அன்றிரவே இரையாகிவிடும். வளர்த்த பிராணியை அவ்வாறு கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இவற்றை நான் சொன்னேன். ஆனால் என் சொல்லுக்கு அந்த வீட்டில் அன்று எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பெண் அழவில்லை. மிளகை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து என் வாசலில் வந்து நின்றாள். “சார், டாக்டரிடம் போகலாமா?” என்று மட்டும் கேட்டாள். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இராஜபாளையத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். படர்தாமரை என்று நாங்களே முடிவு செய்ததை அவர் ஏற்கவில்லை. “முடி கொட்டுவதற்குக் காரணம் பல. சோதித்துப் பார்க்க வேண்டும்” என்றார். அந்தக் காரணங்களை அவர் விளக்கியபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

டிரிக்ஸாகரஸ் என்ற சொறி உண்ணி தோலைத் துளைத்து வாழும். அதனால் வரும் அரிப்பு பொறுக்க முடியாதது. சில வேளை பிராணிக்கு வலிப்பே வந்துவிடும். பேன் பிடித்தாலும் முடி கொட்டும். ஒன்றின் முடியை மற்றொன்று கடித்துக் குதறும் வழக்கமும் உண்டு. அப்போது தோல் சுத்தமாக இருக்கும், முடி மட்டும் குட்டையாக இருக்கும். வயதான பெண் கினிப்பன்றிக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி ஏற்பட்டால் இரு விலாப்புறமும் முடி உதிரும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

அவர் திட்டின் ஓரத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கி, செதிலையும் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டார். அந்தக் காரம் கெராட்டினைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சையின் சுவரை அவ்வளவாகத் தொடாது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் எங்களைப் பார்க்கச் சொன்னார். முடியைச் சுற்றிச் சிறு மணிகளைக் கோத்ததுபோல் வித்துக்கள் ஒட்டியிருந்தன. குரூபி கண்ட காட்சியின் சாயலைத் தளவாய்புரத்துச் சிறுமியும் கண்டாள். ஊதாக்கதிர் விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்வதைக் கொண்டு படர்தாமரையைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பூனையிடம் காணப்படும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற இனம் பெரும்பாலும் ஒளிரும், டிரைக்கோபைட்டன் ஒளிராது. ஆகவே ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று கொள்ளலாகாது. ஐயமிருந்தால் முடியை ஊட்டக் கூழில் இட்டு வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

சிகிச்சை பொறுமையை வேண்டுவது. திட்டு ஒன்றிரண்டாக இருந்தால் ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக் களிம்பே போதும். மைக்கோனசோல், கிளாட்ரிமசோல் போன்றவை அவ்வகை. மிளகுக்குப் பல இடங்களில் பரவிவிட்டதால் வாய்வழி மருந்தும் தேவைப்பட்டது. இட்ரகோனசோல் என்ற மருந்தை, பிராணியை எடைபோட்டு, அதற்கேற்ற அளவில் எழுதிக் கொடுத்தார். அந்த அளவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எடையையும் கருவுற்றிருக்கிறதா என்பதையும் ஈரலின் நிலையையும் பார்த்து மருத்துவர் நிர்ணயிக்க வேண்டிய அளவு அது. களிம்பு தடவியதும் பிராணி நக்காமல் இருக்கப் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு, கொத்தமல்லித் தழையைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பச் சொன்னார். புண் ஆறி முடி முளைத்த பிறகும் மருந்தை அவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது என்றார்.

ஏன் இத்தனை வாரங்கள்? இதற்கு விடை சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. அதிலும் கினிப்பன்றியே முதன்மைப் பாத்திரம். 1939-இல் ஆக்ஸ்ஃபோர்டு, ரெய்ஸ்ட்ரிக், சிமோனார் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். முதற்பெயர் ஊரின் பெயரன்று. அந்த ஆய்வாளரின் பெயர்தான். நெடுங்காலம் அதனால் மனிதனுக்குப் பயன் உண்டென்று ஒருவரும் எண்ணவில்லை. 1958-இல் கிளாஸ்கோ நகரில் ஜென்டில்ஸ் என்பவர், படர்தாமரை கண்ட கினிப்பன்றிகளுக்கு அதை வாய்வழியே கொடுத்தார். அவை குணமாயின. அதுவரை படர்தாமரைக்கு உள்ளே கொடுத்துக் குணமாக்கத்தக்க நல்ல மருந்து இல்லை. தலையில் படை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ் கதிரைப் பாய்ச்சி முடியெல்லாம் உதிரச் செய்து வந்தார்கள். கினிப்பன்றிகள் குணமானதைக் கண்டபின் அம்மருந்து விரைவில் மனிதருக்கு வந்தது. அந்தக் கொடிய முறையும் ஒழிந்தது.

அம்மருந்து வேலை செய்யும் முறையைக் கேளுங்கள். அது பூஞ்சையை உடனே கொன்றுவிடுவதில்லை. புதிதாக உருவாகும் தோலிலும் முடியிலும் கலந்து, அங்கே பூஞ்சை வளரவொட்டாமல் தடுக்கிறது. பழைய தோலும் முடியும் பூஞ்சையோடு மெல்ல மேலே தள்ளப்பட்டு உதிர வேண்டும். பழைய சுவரை இடிக்காமல், அதற்குப் பின்னால் கறையான் அரிக்காத புதுச் சுவரை எழுப்பி, பழையது தானே விழும்வரை காத்திருப்பது போன்றது அது. பாதியில் மருந்தை நிறுத்தினால் புதுச் சுவரிலும் கறையான் ஏறும். இன்றைய புது மருந்துகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

நம் நாட்டு மருத்துவத்தில் சீமையகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர். மனிதத் தோலுக்கு உதவும் பச்சிலையானாலும், நக்கி விழுங்கும் சிறு பிராணியின் மேல் நாமாகப் பூசுவது தகாது. உள்ளே போனால் அது பேதியாகும்.

மருந்தோடு பாதி வேலைதான் முடிந்தது. உதிர்ந்த முடியிலும் செதிலிலும் உள்ள வித்துக்கள் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வெடிப்பு விழுந்த மரப்பெட்டியைச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் அதை எரித்துவிட்டோம். கழுவத்தக்க பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கினோம். விரிப்பை நாள்தோறும் மாற்றினோம். முதலில் சோப்பு நீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவி, பிறகு கடையில் விற்கும் வெளுப்புத் திரவத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்கு அலசி, வெயிலில் காய வைத்தோம். அழுக்கின் மேல் ஊற்றினால் அத்திரவம் பயன்படாது. அதைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது, நச்சுப்புகை கிளம்பும். நெடி அடங்கும்வரை பிராணியை வேறிடத்தில் வைக்க வேண்டும். தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் முடி பறந்து வீடெங்கும் பரவும். ஆகவே ஈரத்துணியால் துடைத்தோம். மிளகின் தொட்டியைத் தையல் அறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினோம். வெட்டுத்துணி விரிப்பை அதோடு விட்டோம்.

குழந்தைகள் இருவரையும் தோல் மருத்துவரிடம் காட்டினார்கள். கினிப்பன்றியிடமிருந்து வந்தது என்பதை அவரிடம் மறவாமல் சொன்னார்கள். பிராணியிடமிருந்து வரும் படை மனிதத் தோலில் அதிக வீக்கத்தோடு தோன்றும். தலையில் வந்தால் சீழ்க்கட்டி என்று எண்ணி அறுத்துவிடவும் நேரும். ஆகவே வீட்டில் பிராணி இருக்கிறது என்ற செய்தி மருத்துவருக்கு மிக முக்கியம். இருவருக்கும் தனித்தனித் துண்டு. பிராணியைத் தொட்ட பிறகு சோப்பிட்டுக் கை கழுவுதல். முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாமை. இவற்றைப் பாட்டியே முன்னின்று நடத்தினார்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நாயும் பசுவும் தம் உடலிலேயே ஸி உயிர்ச்சத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. கினிப்பன்றியால் முடியாது, மனிதனாலும் முடியாது. 1907-இல் நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃபிரோலிஹ் என்ற இருவர், தானியத்தை மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்குக் கப்பற்காரர்களைக் கொன்ற ஸ்கர்வி நோயே வருவதைக் கண்டார்கள். அந்த உயிர்ச்சத்தைத் தேடிய ஆராய்ச்சி அதிலிருந்து வேகம் பெற்றது. மிளகும் பஞ்சுவும் பெரும்பாலும் அரிசியும் பொரியுமே தின்று வளர்ந்தவை. அச்சத்துக் குறைந்தால் தோல் நலியும். நோயை எதிர்க்கும் வலிமையும் குறையும். நாள் முழுதும் கொறிக்கப் புல்லும் வைக்கோலும், அதோடு கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், ஒரு சிறு துண்டு கொய்யா ஆகியவை நம் ஊரிலேயே கிடைக்கின்றன. எங்கள் ஊர்க் கோடை வெப்பமும் அதற்கு ஆகாது. குளிர்ந்த மலைநாட்டில் தோன்றிய பிராணி அது. நிழலும் காற்றும் உலர்ந்த தரையும் வேண்டும். புதிய பிராணியை வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்பே பழையதோடு சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் மிளகை நிறுத்து எடையை எழுதினாள். திட்டுகளின் அளவை வரைந்து தேதியிட்டாள். முதல் இரண்டு வாரம் மாற்றமே இல்லை. மூன்றாம் வாரம் மூக்கின் மேல் கறுப்பு நிழல்போல முடி அரும்பியது. ஏழாம் வாரத்தில் மருத்துவர் மீண்டும் முடி எடுத்துச் சோதித்து, மருந்தை நிறுத்தலாம் என்றார். அந்த நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் பஞ்சு இறந்த தேதியும், அதற்குக் கொடுத்த மருந்தின் பெயரும் எழுதியிருந்தன. கொடுக்கச் சொன்னவர் பெயரை அவள் எழுதவில்லை. நான் கேட்டு வாங்கி, என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். விஞ்ஞானக் குறிப்பு என்றால் எல்லாம் இருக்க வேண்டும் அல்லவா?

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஓர் இழுப்பறை இருக்கும். பாதி தீர்ந்த களிம்புக் குழாயும், மீந்துபோன மருந்துப் புட்டியும் அதில் கிடக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் பெற்றோரையும் அழைத்து அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். யாருக்காக, எந்த நோய்க்காக வாங்கியது என்று தெரியாதவற்றை அப்புறப்படுத்துங்கள். என் இழுப்பறையில் இப்போது ஒரு கண்ணாடித் தகடு மட்டும் இருக்கிறது. மிளகின் முடி ஒட்டிய அந்தத் தகட்டை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். என்னைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.